பையில் வெந்த படையல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனாலும் குளுவாங் பேரங்காடியில், டிஷ்யூ அடுக்குகளுக்கும் அலுமினியத் தாள் சுருள்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, ஒரு பிளாஸ்டிக் பைக்காக என் அக்காவிடம் கத்துவேன் என்று நானே நினைக்கவில்லை. பக்கத்தில் தள்ளுவண்டியோடு நின்ற சீனப் பெண்மணி நைசாக அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அக்கா கையில் இருந்தது சாதாரணப் பை. மெல்லியது, ஒரு கட்டில் எத்தனையோ இருக்கும்.

"கடையில கொதிக்கக் கொதிக்க டீயை இந்தப் பைலதான் ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுக்குறான். உருகுதா? இதையே எடுத்துக்கலாம்லா. நீ வச்சிருக்கிறது என்னா, தங்கப் பையா?"

"அக்கா, அது சூடா இருக்கிறத ஊத்துற பை. இது உள்ளயே கொதிக்கிற பை. ரெண்டும் ஒன்னா? அதைப் போட்டு மைக்ரோவேவ்ல வச்சா, மீனோட சேர்த்து பிளாஸ்டிக்கையும் திம்ப."

"கத்தாத. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்!"

நான் கத்தியது பைக்காக இல்லை. அந்தப் பை தப்பாகப் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் கத்தினேன். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். பிறவிக் குணம்.

விஷயம் இதுதான். அக்காவுக்கு வலிப்பு உண்டு. நாற்பது வயதுக்கு மேல் வந்த நோய். மாத்திரை போட்டாலும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாபிஸில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் அப்பா வாங்கிப் போட்ட வரிசை வீட்டில் தனியாக இருந்தாள். ரவிக்கை தைப்பாள். சிகாமட்டிலிருந்துகூட அவளைத் தேடி வருவார்கள். ஒருநாள் நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்துவிட்டது. விழுந்தபோது இடது கை எண்ணெய்ச் சட்டியில் பட்டு, சட்டி கவிழ்ந்து, முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துபோனது. அடுப்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. புகை வாசம் பிடித்துப் பின்கதவு வழியாக ஓடி வந்து அணைத்தது பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்தான். அந்த அம்மா மட்டும் அன்று சந்தைக்குப் போயிருந்தால் இன்று எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

மூவாரிலிருந்து அண்ணன் அன்றே வந்தார். எனக்கு மூத்தவர், அக்காவுக்கு இளையவர், நாற்காலி மேசை செய்யும் தொழில். வந்தவர் மருத்துவமனைக்குப் போவதற்கு முன் வீட்டுக்குப் போய், காஸ் தோங்கின், அதாவது சிலிண்டரின், தலையில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிக் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டினார். தோங் அப்படியே சமையலறை மூலையில் நின்றது, ஆனால் அடுப்புக்கு உயிர் இல்லை.

"இனிமே இந்த வீட்டுல நெருப்பு கெடையாது" என்றார்.

கை ஆறும்வரை அக்கா மூவாரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதுதான் பிரச்சினை. தும்மினால்கூட நாலு பேர் ஓடி வருகிறார்கள் என்பாள். கழிவறைக் கதவைத் தாழ் போடக் கூடாது. கத்தரிக்கோலைத் தொடக் கூடாது. கூடவே கொண்டுபோன தையல் மெஷின் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு சாமான் அறையில் கிடந்தது. தீபாவளித் துணி நிறைய வந்திருக்கிறது என்று ஒரு சாக்குச் சொல்லி மெஷினோடு லாபிஸுக்குத் திரும்பியவள், மறுபடி போகவில்லை.

திரும்பி வந்தாளே தவிர, சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? கடைச் சோறுதான். எண்ணெயும் உப்பும் தின்று கால் வீங்கியது, பிறகு வெறுத்துப்போய் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றாள், ஆள் பாதியானாள். அண்ணன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்.

"ஆக்கித் திங்க வழியில்லாத வீட்டுல எதுக்கு ஒத்தையா கெடக்குற? அப்பா படையல் வரைக்கும் பாப்பேன். அன்னிக்கு வேன் எடுத்துட்டு வரேன். கட்டில், மெஷின் எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிருவோம்."

அப்பாவின் திவசத்துக்கு வருஷாவருஷம் அந்த வீட்டில்தான் படையல் போடுவோம். அக்காவுக்கு அதுதான் கெடு. அந்தப் படையலை அவளே சமைத்து, அண்ணன் கண்ணாலேயே அதைப் பார்த்தால்தான் அந்த வீடு அவளுக்கு. இல்லையென்றால் வேன்.

எங்கள் வீடுகளில் மைக்ரோவேவ் என்பது நேற்றைய குழம்பைச் சூடு காட்டும் பெட்டி. அதில் சமைக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. சிம்பாங் ரெங்கத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், மதிய வேளைக்கு ஒரு பெண் பையோடு காய்கறியை அதற்குள் வைத்து எடுப்பதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. பாத்திரத்தில் வைக்கலாமே என்று கேட்கலாம். அக்காவின் இடது கை இப்போது பாரம் தாங்காது. கொதிக்கிற கிண்ணத்தைத் தூக்கும் நேரம் பார்த்து வலிப்பு வந்தால் மறுபடி வேகும். பையில் தண்ணீர் அவ்வளவாக இல்லை. வெந்து முடிந்ததும் உள்ளேயே விட்டுவிடலாம், எத்தனை நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆறினதும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் போதும்.

அதனால்தான் அந்த வரிசையில் நின்று, கண்ணாடியைக் கழற்றி அட்டையை மூக்கோடு ஒட்டி வைத்து, பொடி எழுத்தை எல்லாம் படித்தேன். ஒன்று கேக் கடைக்காரர்கள் வாங்கும் பெரிய பை, அதில் ஆவி போகத் துளையே இல்லை. ஒன்று வாயை மடித்துச் செருகுவது, சாய்ந்தால் எல்லாம் வெளியே. இன்னொன்றுக்கு அடி அகலமாக விரிந்து சட்டிபோல் நிற்கும், மேல்பக்கம் ஆவி போகச் சின்ன வாய் இருக்கும், ஆனால் மூடும் இடத்தை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். அக்காவின் இடது விரல்கள் மடங்காது. கடையின் நடுவில் பெட்டியைப் பிரிக்க வைத்தேன். ஊழியர் முறைத்தார், "வாங்கத்தான் போறோம் லா" என்று நானும் முறைத்தேன். அக்கா வலது கையால் பையை அடுக்கின்மேல் வைத்து, கட்டைவிரலைக் கத்தரிபோல ஓட்டி ஒரே இழுப்பில் மூடினாள். தையல்காரி கை அல்லவா!

"இதுவே இருக்கட்டும்" என்றாள். பிறகு அட்டைமேல் இருந்த படத்தை உற்றுப் பார்த்தாள். தோலுரித்த கோழியும் ஏதோ பச்சைப் பூவும். "இதுல கத்திரிக்காய் வேகுமா?"

வெந்தது. முதல் வாரம் முருங்கைக்கீரை நன்றாக வந்தது. உருளைக்கிழங்கு வெளியே குழைந்து உள்ளே கல்லாக இருந்தது, சின்னதாக நறுக்க வேண்டும் என்று தெரிந்தது. பயற்றங்காய் பச்சை மாறாமல் வெந்தது. கெம்போங் மீனை வயிறு திறந்து விரித்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் புளிக்கரைசலும் தடவி வைத்தால் பஞ்சுபோல் வந்தது. பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, துளை மேலே பார்த்திருக்க வேண்டும், மணி அடித்ததும் திறக்கக் கூடாது, உப்பிய பை தானாகச் சுருங்கிய பிறகுதான் தொட வேண்டும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடமானது. ஒருநாள் நான் போனபோது பின்பக்கக் கொடியில், தைத்த ரவிக்கைகளுக்கு நடுவே, அந்தப் பைகளைக் கழுவி கிளிப் போட்டுக் காயவைத்திருந்தாள்.

"அக்கா, அது ஒருதடவைப் பை! ஒருதடவை!"

"நல்லாத்தானே இருக்கு. மஞ்சக் கறை மட்டும்தான் போகல."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மக்சிக் எட்டிப் பார்த்து, மீன் வளர்க்கப் போகிறீர்களா என்று மலாயில் கேட்டார். நான் சிரிக்கவில்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெகுநாள் கழித்து அவள் சிரித்துப் பார்த்தேன், அதனால் அன்று அதோடு விட்டுவிட்டேன்.

வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது தாளிப்பில்தான்.

படையலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அக்கா போன் செய்தாள். குரல் சரியில்லை. "ஒன்னுமில்ல, நேரம் இருந்தா வந்துட்டுப் போ" என்றாள். ஒன்றுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் காரை எடுத்தேன். நேராக லாபிஸுக்கு விட்டேன்.

வீடு முழுக்க ஜன்னல் திறந்து கிடந்தது. பிளாஸ்டிக் கருகிய நாற்றம் தெருவுக்கே வந்தது. அக்கா மைக்ரோவேவ் கதவைத் திறந்து காட்டினாள். கண்ணாடித் தட்டில் பை சுருண்டு, ஓட்டை விழுந்து ஒட்டிக்கொண்டு கிடந்தது. சுற்றிலும் எண்ணெய். எண்ணெயில் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை.

"பையில தாளிச்சியா?"

அவள் ஒட்டியிருந்த பையை நகத்தால் சுரண்டினாள்.

"அட்டையில கொட்டை எழுத்துல போட்டிருக்கான், எண்ணெய் கூடாதுன்னு! உனக்கு எத்தனை தடவை படிச்சுக் காட்டினேன்! வெறும் எண்ணெயை வச்சா சூடு எங்க போய் நிக்கும்? பை தாங்குமா? உலகத்துல எவளாச்சும் பைக்குள்ள கடுகு தாளிப்பாளா?"

"தாளிக்காம சாம்பார் எப்படி வைக்கிறது?" என்றாள் மெதுவாக. "கடுகு ஒன்னுகூட வெடிக்கல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் ஜெயித்தது. இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவள் தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"தாளிக்காத சாம்பாரைத் தம்பி கையால தொடுவானா? பச்சத் தண்ணிம்பான். இதைச் சொல்லியே வேன்ல ஏத்திருவான். நான் அங்க போக மாட்டேன்டி. கதவு திறந்து வச்சுக் கக்கூசு போக என்னால முடியாது."

பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன். வேறென்ன செய்ய! நான் வீட்டில் தாளித்துச் சின்னப் பாட்டிலில் கொண்டுவருகிறேன், யாருக்கும் தெரியாது என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"உன் தாளிப்பு வந்தா அது உன் சமையல். அப்புறம் அவன் சொல்றது சரின்னு ஆயிரும்."

கடைசியில் வழி காட்டியது சந்தைதான். இந்த ஊரில் பொரித்த சின்ன வெங்காயத்தைப் பொட்டலம் போட்டு விற்பார்கள், மலாய்க்காரர்கள் சூப்பிலும் சோற்றிலும் தூவுவார்கள். அதை வாங்கி, பையில் வாட்டிய கறிவேப்பிலையோடு நொறுக்கிப் பருப்பில் போட்டுப் பார்த்தோம். தாளிப்பு இல்லை. ஆனால் தாளிப்பின் தங்கச்சி என்று சொல்லலாம்.

படையல் அன்று காலையிலேயே போய்விட்டேன். அக்கா குளித்து, ஈரத் தலையில் துண்டு கட்டி வேலையை ஆரம்பித்திருந்தாள். ரைஸ் குக்கரில் முதலில் பருப்பு, அது இறங்கியதும் சோறு. புதுப் பைகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்கள். எங்கள் வழக்கத்தில் படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது. செத்தவருக்கு முன்னால் நம் வாய் படக் கூடாது. சட்டியில் வைத்தால் கொதியையும் வாசத்தையும் வைத்து உப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். மூடிய பையில் எதைப் பார்ப்பது? அக்கா ஆறின பையை மேலோடு அழுத்தி அழுத்திப் பார்த்தாள். விரலுக்கு மட்டும்தான் வேலை. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பதினோரு மணிவாக்கில் வேன் வந்தது. அண்ணன் பின்கதவைத் திறந்து வைத்தார். உள்ளே சாமான் எல்லாம் இறக்கித் துடைத்திருந்தது. தரையில் பழைய போர்வை விரித்து, ஓரத்தில் கயிற்றுச் சுருள் வைத்திருந்தார். மெஷின் கீறல் விழாமல் இருக்கப் போர்வை. அவ்வளவு அக்கறை. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி நேராகச் சமையலறைக்கு வந்தார். கெட்டவர் இல்லை. அக்காவின் கைப்புண்ணுக்குத் தினமும் மருந்து போட்டவர் அவர்தான். ஆனால் ஒரு சமையலறைக்குள் நுழைந்தால் அது தன்னுடையது என்று நினைத்துவிடுவார்.

"என்னக்கா, சமைக்கிற வாசமே காணோம்?" என்று சாம்பார்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். "அலமாக், தாளிக்கவே இல்ல!"

"வெங்காயம் தூவுவேன்" என்றாள் அக்கா.

"பொட்டல வெங்காயமா? மாமாவுக்கா? வருஷத்துல ஒருநாள் சாப்பிட வர்றவரு, பாவம்." அண்ணி ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏங்க, அந்த ரெகுலேட்டர வேன்ல போட்டுட்டு வந்தீங்கல்ல? எடுத்துட்டு வாங்க."

"வேணாம் அண்ணி" என்றேன்.

"நான்தானே நிக்கிறேன். அக்காவையா தாளிக்கச் சொல்றேன்? ரெண்டு நிமிஷ வேலை."

"அக்காவே எல்லாம் செய்யணும்னுதான் பேச்சு."

அண்ணன் ரெகுலேட்டரோடு வந்து நின்றார். "படையல் நாள்ல சண்டை போடாத. நெருப்புப் படாத சாப்பாட்டை அப்பா என்னைக்குச் சாப்பிட்டாரு? இதுக்குத்தான் சொல்றேன், இவளால முடியாதுன்னு." குனிந்து தோங்கின் தலையில் ரெகுலேட்டரை அழுத்தினார். 'டக்' என்று சத்தம் கேட்டது.

அடுப்பு பற்றியது. நீல நெருப்பு. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெந்த கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். பிறகு கடைசிப் பையை, மீன் இருந்த பையை, தட்டில் வைத்து மைக்ரோவேவுக்குள் தள்ளினாள். பொத்தானை அழுத்தினாள். நெருப்பிலிருந்து தள்ளிப்போக வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஹாலைப் பார்த்து நடந்தாள். அண்ணி அவளுக்குப் பின்னால் சட்டியில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார்.

நிலைப்படியில் அக்காவின் நடை நின்றது. வலது கட்டைவிரல் சுட்டுவிரலைத் தேய்க்க ஆரம்பித்தது, துணியின் தரம் பார்ப்பதுபோல். எனக்குத் தெரியும் அது என்னவென்று. "அக்கா!" என்று நான் போய்ப் பிடிப்பதற்குள் கண் ஒரு பக்கமாகச் செருகிக்கொண்டது. என்மேலேயே சாய்ந்து, இருவரும் தரைக்கு வந்தோம். உடம்பு வெட்ட ஆரம்பித்தது.

"இரும்பு! இரும்பு குடு!" என்று அண்ணன் கத்தினார். பையிலிருந்து வேன் சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் திணிக்கப் பார்த்தார்.

"சாவிய எடுங்க! கீறிரும்! தலைக்குத் துணி குடுங்க, துணி!"

அண்ணி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கால்மாட்டில் உட்கார்ந்து, முருகா முருகா என்று கால்களை அமுக்கினார். அமுக்கக் கூடாது என்றேன், யார் கேட்டார்கள்? நான் அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடையைத் தாங்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தது அதுதான்: பிடிக்காதே, நேரத்தைப் பார். முள் நகரவே இல்லை. அண்ணன் அழுதார். மூவாரில் பத்துப் பேரை வேலை வாங்குகிற மனிதர், "அக்கா, அக்கா" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆள் வேன் கொண்டு வந்தது அதிகாரத்தில் இல்லை. எனக்குப் பயம் வந்தால் கோபம் வருவதுபோல, அவருக்குப் பயம் வந்தால் வேன் வருகிறது.

வெட்டு குறைந்தது. மூச்சு கொரகொரவென்று வந்தது.

உள்ளே 'டிங்' என்று மணி அடித்தது. மைக்ரோவேவ் நின்றது, அதன் விளக்கு அணைந்தது.

அதற்கு அடுத்த மூச்சில்தான் எனக்கு அந்த நாற்றம் வந்தது. தலையைத் திருப்பினேன். சமையலறை வாசல் முழுக்கப் புகை, புகைக்குள் மஞ்சளாக ஏதோ ஆடியது.

"ஐயோ, அடுப்பு!" என்றார் அண்ணி. எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துக் கூரை வரைக்கும் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் பாய்ந்து குளியலறை வாளியைத் தூக்கினார்.

"தண்ணி ஊத்தாதீங்க! ஊத்துனா வீடே போயிரும்! காஸை மூடுங்க!"

வாளியைக் கீழே போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி ரெகுலேட்டரைத் திருகினார். நான் இட்லிப் பானையின் பெரிய மூடியை இடுக்கியால் பிடித்துச் சட்டிமேல் கவிழ்த்தேன். நெருப்பு மூடியின் ஓரத்தில் இரண்டு மூன்று முறை நாக்கை நீட்டியது. பிறகு அடங்கியது. கூரையில் பெரிய கரி வட்டம். அண்ணி எடுத்து வைத்த கடுகு டப்பா திறந்தபடியே இருந்தது, அதில் ஒன்றுகூடச் சட்டிக்குப் போயிருக்கவில்லை.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். வலிப்பு இல்லாத மூன்று பேர். அடுப்பைப் பற்றவைத்தது எங்களில் ஒருவர், மறந்தது நாங்கள் எல்லோரும். கத்துவதற்கு எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்க்கையில் கிடைக்கப்போவதில்லை. ஆனால் வாய் வரவில்லை.

ஹாலில் அக்கா கண்ணைத் திறந்தாள். வலிப்பு முடிந்து எழும்போது அவளுக்கு இடம் தெரியாது, ஆள் தெரியாது, நாக்கு குழறும். நாங்கள் மூவரும் குனிந்து நின்றோம். அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நெருப்புப் பிடித்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"மணி அடிச்சிருச்சா?" என்றாள்.

"அடிச்சிருச்சுக்கா" என்றேன்.

"தொறக்காதீங்க. பை சுருங்கட்டும்."

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அண்ணன் மைக்ரோவேவ் முன்னால் போய் நின்றார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். உப்பிய பை மெல்ல மெல்லத் தளர்ந்து மீன்மேல் படிந்துகொண்டிருந்தது. அது முழுக்கப் படியும்வரை அவர் அங்கேயே நின்றார்.

படையல் தாமதமாகத்தான் நடந்தது. அக்கா தூங்கி எழுந்து, முகம் கழுவி, தன் கையாலேயே அப்பா படத்துக்கு முன் இலை போட்டாள். சோறு, சாம்பார், பயற்றங்காய், கீரை, கெம்போங் மீன், அப்பாவுக்குப் பிடித்த பாலில்லாத கோப்பி ஓ ஒரு கிளாஸ். சாம்பார்மேல் பொட்டல வெங்காயத்தைத் தூவியது அண்ணி. யாரும் சொல்லாமல் அவரே எடுத்துத் தூவினார். சூடம் ஏற்றும்போது மட்டும் அக்கா தட்டை அண்ணனிடம் நீட்டினாள். "நெருப்பு உன் வேலை" என்றாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே வாங்கினார்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் மீனைப் பிட்டு வாயில் போட்டார். நாங்கள் அவர் வாயையே பார்த்தோம்.

"உப்பு கம்மி" என்றார்.

"படையலுக்கு ருசி பாக்கக் கூடாதுல்ல" என்றாள் அக்கா. "நாளைக்குன்னா சரியா இருக்கும்."

நாளைக்கு என்ற அந்த வார்த்தைக்கு அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

பயம் எனக்குப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வலிப்பு இனியும் வரும். தினமும் இரண்டு வேளை போன் செய்ய வேண்டும், வீட்டுச் சாவி ஒன்று மக்சிக்கிடம் இருக்க வேண்டும் என்று அண்ணன் கட்டளைமேல் கட்டளை போட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். கழிவறைத் தாழ் பற்றி மட்டும் அவர் வாயைத் திறந்து, அக்கா முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

புறப்படும் நேரம் அண்ணன் சமையலறைக்குள் போனார். ரெகுலேட்டரைக் கழற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் காஸ் தோங்கையே அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். முகம் சிவந்து மூச்சு வாங்கியது.

"வந்த வேன் சும்மா போகக் கூடாதுல" என்றார் யாரையும் பார்க்காமல்.

பழைய போர்வைமேல் அதை வைத்தார். அக்கா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது.

"தம்பி, அப்படியே விட்டா உருளும். கட்டிட்டுப் போ."

தையல் மெஷினைக் கட்டக் கொண்டுவந்த கயிற்றைப் பிரித்து, அண்ணன் அந்தத் தோங்கைக் கட்டினார்.